நான் அசைய வைத்த ஸ்டிக்

முடிச்சூர்க் கொட்டகைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் பாய் என்று கேட்டார்கள். பழைய படை விமானங்களைத் தேடி எடுத்துப் பாதுகாப்பதை ஒரு வேலை என்று ஊரில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. என் மனைவி இருந்தவரை இதை ‘ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம்’ என்றுதான் சொல்லுவாள். அந்தப் பைத்தியம் பிடித்துத்தான் நீங்களும் வந்திருக்கிறீர்கள். பைத்தியத்தின் பெருமையைப் பேசுவேன் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தால் மன்னிக்கவும். நான் சொல்லப்போவது நான் செய்த ஒரு காரியத்தை.

போன வாரம் உங்களில் ஒருவர் இரண்டு கேள்விகள் கேட்டார். கதவுக்கு இடப்பக்கம் விமானி அறையின் அடித்தளம் ஒன்று வைத்திருக்கிறோமே, அதன் நடுவில் நிற்கும் ஸ்டிக்குக்கு, விமானத்தை மேலே தூக்க விமானி பின்னால் இழுக்கும் அந்தக் கம்பிக்கு, ஏன் எண்ணெய் போடுவதில்லை என்பது ஒன்று. எல்லா அட்டைகளும் அழகாக அச்சடித்திருக்க, அதன் பக்கத்தில் மட்டும் ஏன் கையால் எழுதிய அட்டை என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். சொல்லி முடிக்கக் கொஞ்சம் நேரம் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என்னைப் பற்றி. படையில் விமானத்தின் உடல் பாகங்களைப் பழுது பார்க்கும் ஃபிட்டராக இருந்தேன். பதினைந்து வருடம் முடித்து வெளியே வந்து மேற்குத் தாம்பரத்தில் லேத் பட்டறை வைத்தேன். எந்தத் துருப்பிடித்த சாமானைக் கொடுத்தாலும் புதுசு போல ஆக்கித் தருவேன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இன்று நினைத்தால் அதுதான் என்னைக் கெடுத்தது.

எங்கள் குழுவை நடத்தியவரை நாங்கள் சார் என்றே கூப்பிடுவோம். கல்லூரி நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு ஞாயிறும் கூடுவாஞ்சேரியிலிருந்து மின்சார ரயிலில் வருவார். ஸ்பேனரைப் பிடிக்கத் தெரியாது. ஆனால் ஒரு இறக்கைத் துண்டில் நான்கு எண்கள் இருந்தால் போதும், அது எந்த விமானம், எங்கே விழுந்தது, யார் ஓட்டியது என்று பழைய காகிதங்களிலிருந்து தோண்டி எடுத்துவிடுவார். அவர் எங்களுக்கு விதித்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். கை வைப்பதற்கு முன்னால் படம் எடு. மண்ணோடு, துருவோடு, கிடைத்தது கிடைத்தபடி. அதற்குப் பிறகு என்ன வேண்டுமானாலும் செய்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஒரு வறட்சிக் கோடை. அப்போதுதான் இந்தப் பக்கத்து வயல்களெல்லாம் மனைகளாகிக்கொண்டிருந்தன. முடிச்சூரைத் தாண்டி ஒரு ஏரியில் மண் எடுத்த பொக்லைன், சேற்றுக்கடியிலிருந்து ஒரு விமானத்தின் நடுப்பகுதியைத் தூக்கிவிட்டது. அறுபதுகளில் விழுந்த பயிற்சி விமானம். விழுந்த அன்று விமானியின் உடலையும் இறக்கைகளையும் எடுத்துப் போனவர்கள், சேற்றில் புதைந்ததை விட்டுவிட்டார்கள். மண் லாரிக்காரர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி அதைக் கொட்டகைக்குக் கொண்டுவந்தோம். எந்தப் பிரிவின் விமானம் என்பது வேண்டாம். இந்த ஊர் விமானத் தளத்தைச் சேர்ந்ததல்ல, தூரத்திலிருந்து வந்துகொண்டிருந்தது என்பது மட்டும் போதும்.

அந்த ஞாயிறு சார் வரவில்லை. கண்புரைக்கு ஆபரேஷன் செய்திருந்தார். நான் தனியாகத்தான் உட்கார்ந்து சேற்றைக் கழுவினேன். ஸ்டிக் நிமிர்ந்து நின்றது. ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. அதன் அடியில், தரைக்கும் ஸ்டிக்கின் மூட்டுக்கும் நடுவில், செங்கல் போல இறுகிய ஒரு சேற்றுக் கட்டி இருந்தது. கேமராவை எடுத்தேன். ஃபிலிம் தீர்ந்திருந்தது. தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய் வாங்கிவர அரை மணி நேரம் ஆகும். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. கை வேறு துறுதுறுத்தது.

உளியை வைத்து நாலு தட்டுத் தட்டினேன். கட்டி உடைந்தது. உள்ளேயிருந்து ஒரு ஸ்பேனர் விழுந்தது. இரண்டு பக்கமும் வாய் உள்ள, கையளவு ஸ்பேனர். நடுவில் லேசாக வளைந்திருந்தது. ஏரியில் ஊர்க்காரர்கள் எதைத்தான் போடவில்லை என்று நினைத்து, பழைய இரும்புப் பெட்டியில் எறிந்தேன். பிறகு ஸ்டிக்கை ஆட்டினேன். முன்னும் பின்னும் வெண்ணெயில் கத்தி போலப் போயிற்று. நான் தனியாக உட்கார்ந்து கை தட்டிக்கொண்டேன்.

அடுத்த மூன்று மாதம் அதற்காகவே உழைத்தேன். துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, சாயம் பூசி, மூட்டுகளுக்கு எண்ணெய் விட்டு, மகளைக் கட்டிக்கொடுப்பது போல அலங்கரித்தேன். சார் கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு வந்து பார்த்தார். “நல்லாருக்கு பாய். எடுத்தப்ப எப்படி இருந்துச்சுன்னு படம் இருக்கா?” என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் ஏன் அதைக் கேட்டார் என்று புரிந்துகொள்ள எனக்கு இன்னும் கொஞ்ச நாள் தேவைப்பட்டது.

தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கண்காட்சி வைத்தோம். உள்ளூர்ப் பத்திரிகையில், விமானம் கிடைத்த ஏரியின் பெயரோடு, நாலு வரிச் செய்தி வந்தது. ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி ஒருவர் தலைமை விருந்தினர். அவருக்கும் கூட்டத்துக்கும் நான் ஸ்டிக்கை ஆட்டிக் காட்டினேன். “நாப்பது வருஷம் சேத்துல கெடந்த மாதிரியா இருக்கு, சொல்லுங்க!” என்று ஒரே பீற்றல். கண்காட்சி பார்த்தவர்கள் கொட்டகைக்கும் வருவார்களே என்று முந்தின வாரம்தான் இடத்தை ஒழித்து, இரும்புப் பெட்டியைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டிருந்தேன்.

மதியம் ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கையில் குடை, தோளில் பை. நேரே ஸ்டிக்கின் முன்னால் வந்து நின்றார்.

“இத தொடலாமா சார்?”

“தாராளமா தொடுங்கம்மா. ஆட்டியே பாக்கலாம்.”

அவர் தொட்டார், ஆட்டவில்லை. “இத ஓட்டினது எங்க அண்ணன்,” என்றார்.

பெயர் ரோஸி. பல்லாவரத்தில் டீச்சர். அந்தக் காலத்தில் அவர்கள் வீடு பெருங்களத்தூரில். அண்ணன் ஆல்பர்ட், பயிற்சி விமானி. தங்கைக்கு அப்போது பதினான்கு வயது. அவளுக்கு அண்ணன் கடிதம் போட்டிருந்தான். வியாழக்கிழமை காலையில் அந்த வழியாக வருவேன், மொட்டை மாடியில் நில், இறக்கையை ஆட்டிக் காட்டுகிறேன் என்று. அவள் வெள்ளைத் துண்டோடு நின்றாள். விமானம் வந்தது, இறக்கையை ஆட்டியது, பனைமரங்களுக்குப் பின்னால் இறங்கியது, மறுபடி ஏறவில்லை.

“விசாரிக்க வந்தவங்க கடைசியா ஏதாவது லெட்டர் வந்துச்சான்னு கேட்டாங்க. நான்தான் எடுத்துக் குடுத்தேன். அத வச்சுத்தான் எழுதினாங்க, தங்கச்சிக்கு வேடிக்கை காட்ட ரூல மீறித் தாழப் பறந்தான்னு. அப்பா சாகிற வரைக்கும் அண்ணன் படத்த வீட்ல மாட்ட விடல. என்கூடவும் சரியாப் பேசல.” ஒரு பாடத்தைச் சொல்லுவது போலத்தான் இதையெல்லாம் சொன்னார். குரல் உடையவில்லை. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். “நீங்கதான் இத எடுத்தீங்கன்னு சொன்னாங்க. எடுக்கும்போது ஏதாவது பாத்தீங்களா? எதுவாவது ஒடஞ்சு, மாட்டிக்கிட்டு... அப்படி ஏதாவது?”

அந்த நிமிடம்தான் எனக்கு எல்லாம் சேர்ந்து வந்தது. அசையாத ஸ்டிக். மூட்டின் அடியில் கட்டி. அதற்குள் ஸ்பேனர். நடுவில் வளைவு. இரண்டு இரும்புக்கு நடுவில் மாட்டி, யாரோ உயிரைக் கொடுத்து இழுத்தால் வருகிற வளைவு. நான் ஃபிட்டர் தம்பிகளே, எனக்குத் தெரியும். வேலை முடிந்ததும் பெட்டியைத் திறந்து கருவிகளை எண்ணுவோம். ஒன்று குறைந்தாலும் விமானம் தரையை விட்டுக் கிளம்பக் கூடாது. என் தொழில்காரன் எவனோ ஒருவன் அன்று எண்ணாமல், ஸ்பேனரை உள்ளேயே விட்டு மூடியிருக்கிறான்.

“ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு,” என்றேன்.

ஏன் சொன்னேன்? இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பின்னால் தலைமை விருந்தினர் நின்றார். சாரின் சட்டத்தை மீறியது வெளியே வந்துவிடும். ஸ்பேனர் கையில் இல்லை, படமும் இல்லை, யார் நம்புவார்கள். இதெல்லாம் உண்மை. ஆனால் இதையெல்லாம் யோசிக்க நேரமே இல்லை, நாக்கு முந்திக்கொண்டது. என் மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பது மட்டும் அதற்குத் தெரிந்திருந்தது. வெட்கம் கெட்ட நாக்கு.

டீச்சர் அப்போதுதான் ஸ்டிக்கை ஆட்டினார். முன்னால் ஒரு தரம், பின்னால் ஒரு தரம். நான் விட்ட எண்ணெயில் அது சத்தமே இல்லாமல் போய் வந்தது.

“லேசாத்தான் இருக்கு,” என்றார். பிறகு மெதுவாக, “அப்போ அவன்தான்.”

குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் வாசல் வரைக்கும்கூடப் போகவில்லை. அடுத்த கூட்டம் வந்தது. கேட்டார்கள், மறுபடி ஆட்டிக் காட்டினேன்.

மறுநாள் கடை திறப்பதற்கு முன்பே பழைய இரும்புக் கடை வாசலில் நின்றேன். கடைக்காரர் ஷட்டரைத் தூக்கிக்கொண்டே கேட்டார், “இன்னா பாய், காலங்காத்தால?”

“நான் போட்ட பெட்டில ஒரு ஸ்பேனர் இருந்துச்சு. துரு ஏறினது, வளைஞ்சது.”

“அட போ பாய். அத்த லாரிக்காரன் முந்தாநேத்தே ஏத்திகினு பூட்டான். இந்நேரம் உருக்கி கம்பி ஆக்கிகினு இருப்பான். ஒரு ஓட்ட ஸ்பேனருக்கா இம்மாம் பேஜார்? வோணும்னா அங்க நாலு கீது, எட்த்துக்கினு போ.”

அவர் காட்டிய நாலையும் கையில் எடுத்துப் பார்த்தேன். அவற்றில் ஒன்று கிட்டத்தட்ட அதே அளவு. இதை வளைத்து, சேற்றில் புரட்டி, இதுதான் அது என்று காட்டினால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. செய்யத் தெரியாதவனும் இல்லை. என் பட்டறையில் ஒரு மணி நேர வேலை. அதைக் கீழே வைத்துவிட்டு வந்தேன். அந்த வாரம் நான் செய்த ஒரே சரியான காரியம் அதுதான்.

கூடுவாஞ்சேரிக்குப் போய் சாரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் காகிதமும் பேனாவும் எடுத்து என் முன்னால் வைத்தார்.

“இப்பவே எழுதுங்க பாய். பாத்தத மட்டும். நாளைக்குன்னா உங்க ஞாபகமும் பாலிஷ் போட ஆரம்பிச்சிடும்.” எழுத எழுதக் கேள்வி கேட்டார். “ஸ்பேனர் மூட்டுல மாட்டி இருந்துச்சா, இல்ல பக்கத்துல கெடந்துச்சா?”

“கட்டிக்குள்ள இருந்துச்சு சார்.”

“ஸ்டிக் அசையாதது ஸ்பேனராலயா, சேத்தாலயா?”

எனக்குத் தெரியவில்லை. உளியால் தட்டியபோது இரண்டும் ஒன்றாக வந்துவிட்டன. விழுந்த வேகத்தில் வேறு எங்கிருந்தோ வந்து சிக்கியிருக்கலாம். அந்த வளைவே விழுந்த அடியில் வந்திருக்கலாம். உடைக்காமல் ஒரு படம் எடுத்திருந்தால் தெரிந்திருக்கும். நாற்பது வருடம் அந்தச் சேறு பத்திரமாக வைத்திருந்ததை நான் நாலு தட்டில் இல்லாமல் ஆக்கிவிட்டேன்.

“தெரியாதுன்னே எழுதுங்க,” என்றார் சார். “எழுதிட்டு நாளைக்கே அந்தம்மா வீட்டுக்குப் போறோம்.”

“நோன்பு வருது சார். பெருநாள் முடியட்டும்.”

“பாத்தவர் நீங்க. நீங்க வராம நான் மட்டும் போய் என்ன சொல்றது?” என்றார். நோன்பு முப்பது நாளும் பிடித்தேன். ஒரு பொய்யை வாயில் அடக்கிக்கொண்டு தண்ணீர் குடிக்காமல் இருப்பதில் என்ன புண்ணியம் என்று எனக்கே தெரிந்திருந்தது. ஆனாலும் போகவில்லை.

பெருநாள் கழிந்து மூன்றாம் நாள் நானும் சாரும் பல்லாவரம் போனோம். ரயில்வே லைனுக்குப் பின்னால் சின்ன வீடு. ஹாலில் ஒரு வயதான அம்மாவின் படம், அதன் முன்னால் மெழுகுவத்தி. படம் புதிது. டீச்சர் கறுப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவையில் இருந்தார். எங்களை உட்காரச் சொன்னார்.

நான் சொன்னேன். கட்டி, உளி, ஸ்பேனர், பழைய இரும்புக் கடை, எல்லாவற்றையும். நடுவில் மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் ஒன்று தலைக்கு மேல் போனது. சத்தம் அடங்கியதும் மிச்சத்தையும் சொல்லி முடித்தேன்.

“எப்போ தெரியும் உங்களுக்கு?” என்று கேட்டார்.

“அன்னிக்கே.”

“நான் கேட்டப்பவே?”

“ஆமாம்மா.”

அவர் அந்தப் படத்தைப் பார்த்தார். “எங்கம்மா மட்டும்தான் பாய் நம்பிக்கிட்டு இருந்தாங்க. என் புள்ள அப்படிச் செய்ய மாட்டான்னு. அப்பா நம்பல, நான் நம்பல, சொந்தக்காரங்க யாரும் நம்பல. அவங்க பைபிளுக்குள்ள அவன் படத்த வச்சுக்கிட்டு நாப்பது வருஷம் தனியா நம்பினாங்க. அன்னிக்குச் சாயங்காலம் கண்காட்சியில இருந்து வந்து நான்தான் சொன்னேன். அம்மா, நானே என் கையால ஆட்டிப் பாத்தேன், மெஷின் நல்லாத்தான் இருக்கு, அவன்தாம்மா தப்புப் பண்ணியிருக்கான், விட்டுடுங்கன்னு.”

நானும் சாரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

“அவங்க சரின்னாங்க. அதுக்கப்புறம் அந்தப் பைபிள எடுக்கவே இல்ல. பதினெட்டு நாள் இருந்தாங்க.” மெழுகுவத்தியைச் சரிசெய்துவிட்டு, “அவன் படத்த அவங்ககூடவே பெட்டியில வச்சிட்டேன்,” என்றார்.

பதினெட்டு நாள். சார் போகலாம் என்று சொன்ன மறுநாளே போயிருந்தால், அந்த அம்மா உயிரோடு இருந்திருப்பார். கட்டிலின் பக்கத்தில் நின்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் பெருநாள் பிறைக்காகக் காத்திருந்தேன்.

“அப்போ அந்த ஸ்பேனராலதான்னு உறுதியாச் சொல்ல முடியுமா?” என்று டீச்சர் கேட்டார். முடியும் என்று சொல்ல நாக்கு துடித்தது. அது அவருக்கு எவ்வளவு பெரிய விடுதலை!

“தெரியலம்மா. இருக்கலாம். அதத் தெரிஞ்சுக்கிற வழிய நான்தான் உடைச்சிட்டேன்.”

“அப்போ அதுவும் இல்ல, இதுவும் இல்ல,” என்றார் அவர். அழவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போல இருந்தது.

மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளவில்லை. நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். அதற்கு மட்டும் பதில் சொன்னார். “அந்தச் சாமான் பக்கத்துல எழுதி வைங்க. பாத்தத எழுதுங்க. என்கிட்ட சொன்னதையும் எழுதுங்க.”

சார் என் வாக்குமூலத்தை அனுப்ப வேண்டிய இடத்துக்கு அனுப்பினார். பல மாதம் கழித்து, பொருளோ படமோ இல்லாததால் பழைய முடிவை மாற்ற இடமில்லை என்று பதில் வந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. சாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். டீச்சர் ஒரே ஒரு முறை கொட்டகைக்கு வந்தார். அட்டையை நின்று படித்தார். ஸ்டிக்கின் பக்கம் கையைக் கொண்டுபோய், தொடாமலே திரும்ப எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அதற்கு நான் எண்ணெய் விடவில்லை. இப்போது பாதி இறுகிவிட்டது. முழுவதும் இறுகட்டும்.

உங்கள் கைகளில் இப்போது கேமரா உள்ள போன்கள் இருக்கின்றன, ஃபிலிம் தீராது. ஆனால் கை துறுதுறுப்பது தீராது, அது எனக்குத் தெரியும். பளபளப்பாக்கிவிட்டால் காப்பாற்றிவிட்டோம் என்று நினைப்பது இந்தத் தொழிலின் நோய். அது வரும்போது கதவுக்கு இடப்பக்கம் போய் நில்லுங்கள். எனக்குக் கை நடுக்கம் வந்து வேலையை விட்டாயிற்று, நாளைக்கு நானும் இருக்க மாட்டேன். பாய் நல்ல மனுஷன், பாவம், இது எதற்கு என்று இரக்கப்பட்டு யாரும் அந்த அட்டையை எடுத்துவிடாதீர்கள். எழுத்து மங்கினால் அதன் மேலேயே திருப்பி எழுதுங்கள். ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம். அதில் இருப்பது இவ்வளவுதான்:

‘இந்த ஸ்டிக் கிடைத்தபோது அசையவில்லை. இதன் அடியில் ஒரு ஸ்பேனர் இருந்தது. படம் எடுக்காமல் அதை அகற்றி, ஸ்டிக்கை அசைய வைத்தவன் நான். விமானியின் தங்கை வந்து கேட்டபோது, ஒன்றும் இல்லை என்று சொன்னவனும் நான்தான்.’